தெம்மாடிக் குழி

இது ஐம்பத்தெட்டில் நடந்தது. மட்டாஞ்சேரியில் எங்கள் மாதா கோயில் காரியங்களைக் கவனித்த கைக்காரர் இஞ்ஞாசியார் சொன்னதுதான் சட்டம். தற்கொலை செய்துகொண்டவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. மதிலுக்கு வெளியே, மந்திரிக்காத மண்ணில் உள்ள தெம்மாடிக் குழிதான்.

அன்று காலை காயலிலிருந்து ஒரு பையனின் உடலை எடுத்திருந்தார்கள். மரியப்பூ என்ற விதவை இஞ்ஞாசியாரிடம் கெஞ்சினாள்.

"அண்ணாச்சி, பையனை உள்ளயே வச்சிரலாம். வள்ளத்துல கால் தவறி விழுந்துட்டான்னு பங்குச் சாமியார்கிட்ட சொல்லுங்க."

"கால் தவறலன்னு உனக்கும் தெரியும்."

"பாவம், சின்னப் பையன். பரீட்சையில தோத்த வெசனம். ஆண்டவரு பொறுத்துக்குவாரு."

"ஆண்டவரு முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமாட்டாரு, மரியப்பூ."

"நீங்க சொன்னா சாமியார் தட்டமாட்டாரு. உள்ள பாட்டு உண்டு, செபம் உண்டு. வெளிய ஒண்ணுமில்ல. அப்படிப் புதைச்சிட்டு வீட்டுக்குத் திரும்புற தாய்க்குச் சோறு இறங்காது."

"வெளியேதான்."

"ஏன் அண்ணாச்சி இந்தப் பிடிவாதம்?"

இஞ்ஞாசியார் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"போன மழையில உன் மகளை வெளிய வச்சவன் நான். இன்னைக்கு என் மகனை எப்படி உள்ள வைப்பேன்?"

பாட்டில்லாமல், மணியில்லாமல் மகனை அவரே குழிக்குள் இறக்கிக் கிடத்தினார். பிறகு மேலே ஏற அவருக்குக் கால் எழவில்லை.

மரியப்பூதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.