மாடியில் எடுத்த படம்

"இந்தப் படம் அட்டையில வேண்டாம். மாத்திடுங்க."

பிரின்சிபால் அம்மா எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொன்னதும், கல்லூரியின் விளம்பர அதிகாரிக்குச் சுருக்கென்றது.

மாணவர் சேர்க்கைக்கான விளம்பரப் புத்தகம் அது. வருஷா வருஷம் அட்டையில் பற்பசை விளம்பரத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி, சிவப்பாக, ஒல்லியாக நாலு பேர் நிற்பார்கள். இந்த முறைதான் அவர் எல்லாரிடமும் மல்லுக்கு நின்று, சக்கர நாற்காலியில் வரும் இரண்டாம் வருஷ மாணவியைப் போட்டிருந்தார். மாடியில் நூலகம், பின்னால் பெரிய ஜன்னல், கையில் புத்தகம். படம் பேசியது.

"ஏன் மேடம், வீல் சேர் தெரிஞ்சா அட்மிஷன் குறைஞ்சிடுமா?"

"என்னால காரணம் சொல்ல முடியாது."

"எல்லாரும் சமம்னு மேடையில மட்டும் நல்லா பேசுறோம்!"

வாய் முந்திக்கொண்டது.

வேலை போனால் போகட்டும் என்று விறுவிறுவென வெளியே வந்தவரை அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. அட்டையில் நீதான் என்று அந்தப் பெண்ணிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. வீடு முழுக்கச் சொல்லிவைத்திருப்பாளே பாவம்! எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

கேன்டீனில் தோழிகளோடு இருந்தாள். தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த அட்டைப் படம்... வரலைம்மா. நானும் சண்டை போட்டுப் பாத்துட்டேன்."

"அப்பாடா!" என்றாள் அவள்.

அவர் விழித்தார்.

"படத்தை மாத்தச் சொன்னதே நான்தான் சார். நீங்க ஆசையா செஞ்சீங்க, மனசு நோகும்னு என் பேரைச் சொல்ல வேண்டாம்னு மேடம்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

"ஏம்மா, படம் நல்லா இல்லையா?"

"படம் சூப்பர் சார். ஆனா இந்தக் காலேஜ்ல சேர்ந்து நான் லைப்ரரிக்குள்ள போனதே அன்னிக்குத்தான். மேல போக வெறும் படிதானே? நாலு பசங்க என்னை நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்க. அட்டையை நம்பி என்னை மாதிரி இன்னொருத்தி வந்து சேர்ந்தா?"

தூக்கச் சொன்னது அவரேதான். அது தப்பாகவே அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை. முகம் சுண்டிப்போனது.

"மேடத்தைக் கண்டபடி பேசிட்டேனே..."

"விடுங்க சார், அவங்க மனசுல வெச்சுக்க மாட்டாங்க. லைப்ரரியையே கீழ் ஹாலுக்கு மாத்தப் போறாங்க, தெரியுமா?"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நிஜமாவா? அப்போ அங்கேயே புதுப் படம் எடுத்துடலாம்மா!"

"எடுக்கலாம் சார். கேமராவோட வாங்க. தூக்குறதுக்கு மட்டும் ஆள் கூட்டிட்டு வராதீங்க!"