ஓட்டையில்லாத தட்டு

ஆய்வக ஜன்னலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. லேப் டெக்னீஷியன் முதல் தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். பாலாடைபோல் படர்ந்த பாக்டீரியாப் படலத்தில், வைரஸ் தின்ற இடமெல்லாம் ஊசிமுனை ஓட்டைகள். காமாலை வைரஸுக்குப் பதிலாகச் சோதனைக்கென்று பாக்டீரியாவைத் தின்னும் வைரஸை விட்டு, குளோரின் கலக்காமல் வைத்த தண்ணீரின் தட்டு இது. காமாலை பரவியதால் ஊர்க் குழாய்களைப் பூட்டி இன்றோடு பன்னிரண்டு நாள். புது அளவுக் குளோரின் வைரஸைக் கொன்றால்தான் திறப்பார்கள். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் கலக்கும் அவள் கொழுந்தன் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறான். காமாலையில் படுத்த பிள்ளைகளில் அவன் மகளும் ஒருத்தி. "என்ன அண்ணி, சல்லடையா இருக்கு?" "இது குளோரின் போடாதது. கொஞ்சம் பேசாம இரு." ஐந்து நிமிடம் குளோரினில் இருந்த தண்ணீரின் தட்டில் நான்கே ஓட்டைகள். கடைசித் தட்டு அரை மணி நேரத்துக்கானது. அதை மெல்லச் சுழற்றுகிறாள். ஓரத்தில் ஒரு புள்ளி பளிச்சிடுகிறது. அவள் கையுறை விரலால் தட்டின் அடியைத் துடைக்கிறாள். புள்ளி வெறும் ஈரமாய் விரலோடு வந்துவிடுகிறது. மறுபடி பார்க்கிறாள், அதற்கு மேலும் ஒரு தடவை. "ஒண்ணுகூட இல்லடா." தொட்டியில் இருப்பவர்களுக்குச் சொல்ல அவன் கைப்பேசியை எடுக்கிறான், அவசரத்தில் எண் தப்பித் தப்பிப் போகிறது. "குடு இங்க" என்று பிடுங்கிக்கொண்டவள், தானும் தப்பாகவே அழுத்தியிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிடுகிறாள்.