அட்டைப் படத்துக்கு அடிதடி

பாடகர் டிசைனரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

“தொண்டை கிழியக் கத்துறது நான்! நம்ம குழுவோட பனியன், தொப்பி விக்கிற கேட்டலாக்ல, அட்டையில டிரம்மர் மூஞ்சியாடா?”

“மேனேஜர் சொன்னாருண்ணே. டிரம்மர் படம் போட்ட பனியன்தான் இப்போ பறக்குதாம்.”

பாடகர் மேசையை எட்டி உதைத்துவிட்டு அடுத்த அறைக்குப் பாய்ந்தார். நாற்காலி உடையும் சத்தமும் மேனேஜரின் அலறலும் ஒன்றாகக் கேட்டன.

திரும்பி வந்தவரின் கையெல்லாம் ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு.

“ஒத்துக்கிட்டான்! என் படத்தைப் போடு.”

அவர் விசிலடித்தபடி வெளியே போனதும், மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“அவன் படத்தையே போட்டுடு தம்பி. போன மாசம் டிரம்மர் செத்துட்டான்னு அட்டையில படத்தைச் சுத்திக் கறுப்புக் கட்டம் போட்டியே, அதை மட்டும் எடுத்துடாதே.”