சிவப்புத் துணி

மாட்டுவண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய ஆஸ்டின் கார் தயாராக நின்றது. அதை நகரவிடாமல் குறுக்கே நின்றார் போலீஸ்காரர் மாணிக்கவாசகம்.

காஜா பெராங் வட்டாரத்தில் அவருக்கு ‘ரூல்ஸ் மாணிக்கம்’ என்று பெயர். சைக்கிளில் விளக்கு இல்லை என்று சொந்த மச்சானையே இறக்கி, வீடுவரை தள்ளிக்கொண்டு போகவைத்த மனுஷர்.

“ஐயா, சாயங்காலத்துக்குள்ள காரைத் தெங்கேரா பட்டறையில ஒப்படைக்கணும்னு ஜப்பான்காரன் உத்தரவு. பிந்தினா என் தலை தப்பாது” என்றார் காரின் சொந்தக்காரர் கலியாணசுந்தரம்.

“ஒப்படைங்க முதலாளி, யாரு வேணாம்னா? ஆனா இது ரோசாக்கான வண்டி, தானா ஓடாது. பிரேக்கும் இல்ல. ரோட்டுல இழுத்துட்டுப் போறதுக்குச் சட்டம் இருக்கு. பின்னால சிவப்புத் துணி தொங்கணும். ஸ்டியரிங்கைப் பிடிக்க லைசென்ஸ் உள்ள ஆள் உட்காரணும்.”

“வெள்ளைக்காரனே ஓடிட்டான். அவன் சட்டம் மட்டும் இங்க நிக்குதா?”

“நான் நிக்கிறேனே!”

வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்தது.

“சரி, நானே உட்கார்றேன்.”

“லைசென்ஸ்?”

பின் சீட்டில் சாய்ந்தே பழகிய கலியாணசுந்தரத்திடம் லைசென்ஸுக்கு எங்கே போவது?

“உங்க டிரைவர் நடராஜன் எங்க?”

சிரிப்பு சட்டென்று நின்றது. சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடிக்கும் லாரி காலையிலிருந்து முச்சந்தியில் நிற்கிறது. அதில் ஏறிப் போன ஒருவனும் இதுவரை திரும்பி வரவில்லை.

“அவன் சிரம்பான் பக்கம் போயிட்டான்” என்று முணுமுணுத்தார் கலியாணசுந்தரம்.

மாணிக்கவாசகம் எதிர்வீட்டு வாசலில் நின்ற நடராஜனின் மனைவி கமலவேணியைப் பார்த்தார்.

“தங்கச்சி, பரண்மேல இருக்கிறவரை இறங்கி வரச் சொல்லு. அப்படியே ஒரு சிவப்புத் துணியும் கொண்டா.”

“அடப்பாவி! நீயும் ஒரு தாய் வயித்துல பொறந்தவன்தானா?” என்று மண்ணை வாரித் தூற்றினாள் கமலவேணி.

நடராஜனே வெளியே வந்துவிட்டான். “கத்தாத கமலா. தெருவுக்கே தெரிஞ்சாச்சு, இனிமே எங்க ஒளியறது?”

கோணிச்சாக்கைத் தைத்து உடுத்துகிற காலம் அது. வீட்டில் சிவப்பாக இருந்தது கூறைப்புடவை ஒன்றுதான். அழுதுகொண்டே அதன் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தாள். மாணிக்கவாசகம் அதைக் காரின் பின்னால் கட்டி, முடிச்சை இரண்டு முறை இழுத்தும் பார்த்தார்.

மாடுகள் நடந்தன. நடராஜன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். காரை ஒட்டியே போலீஸ்காரர் நடந்தார்.

முச்சந்தியில் ஒரு ஜப்பான் சிப்பாய் ஓடிவந்து நடராஜனின் தோளைப் பற்றி இழுத்தான்.

மாணிக்கவாசகம் இடுப்பு வளையக் குனிந்து கும்பிடு போட்டார். கயிற்றைக் காட்டினார், சிவப்புத் துணியைக் காட்டினார். காருக்குள் கையை விட்டுப் பிரேக் மிதியை அழுத்தினார். அது ‘தொபுக்’கென்று தரையில் போய் விழுந்தது.

“துவான், இது உங்க பட்டாளத்துக் கார். இவன் இறங்கினா கார் சாக்கடைக்குள்ள போயிடும்” என்று பாதி மலாயிலும் பாதி சைகையிலும் விளக்கினார்.

சிப்பாய் காரைப் பார்த்தான், சாக்கடையைப் பார்த்தான். தோளை விட்டுவிட்டான்.

சாயங்காலம் மாணிக்கவாசகம் மட்டும் திரும்பி வந்தார். கமலவேணி வீட்டுக் கதவு உடைந்து கிடந்தது. அவர்கள் போன கொஞ்ச நேரத்திலேயே சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து, பரண்களில் எல்லாம் துப்பாக்கிக் கத்தியால் குத்திப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவர் சிவப்புத் துணியை நீட்டினார். “இன்னிக்கு வீட்டுக்கு வீடு சோதனைன்னு காலையிலேயே ஸ்டேஷன்ல தெரியும் தங்கச்சி. கூட்டத்துல எத்தனை காதோ, வாயைத் திறக்க முடியல.”

கமலவேணி துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“ஐயா... அவரு?”

“தெங்கேராவுல, மெக்கானிக் ஷரீஃபுதீன் பட்டறையில இருக்காரு. பட்டாளத்து வண்டிக்கு வேலை செய்யற ஆளுன்னு கையில பட்டை கட்டியாச்சு. இனிமே சயாமுக்கு யாரும் பிடிக்க மாட்டாங்க. ரோசாக்கான வண்டி சரியாகற வரைக்கும் டிரைவர் அதை விட்டு நகரக் கூடாது. சட்டம்!”

“அது எப்பங்க சரியாகும்?”

“ஷரீஃபுதீன் கெட்டிக்காரன். ஜப்பான்காரன் கப்பல் ஏறுற வரைக்கும் அதைச் சரியாக்க மாட்டான்.”

அழுகையோடு சிரிப்பும் வந்தது அவளுக்கு. “நெசமாவே அப்படி ஒரு சட்டம் இருக்குதுங்களா?”

ரூல்ஸ் மாணிக்கம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“சிவப்புத் துணியும் லைசென்ஸும் வெள்ளைக்காரன் போட்டது. இது மட்டும் நான் போட்டதும்மா.”