சர்வே எடுத்த மாதம்

“உங்க இயக்கத்துல இருக்கறதே முப்பது பேர். அதுலயும் செங்கொடியா, பச்சைக் கொடியான்னு மூணு மாசமா சண்டை. நாளைக்குப் பொது விசாரணையில உங்களை யார் மதிப்பா?”

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் ஃபிளாட்டில், காலைக் காபியோடு ஜெய்ராம் சீண்டினார். மனைவி பூர்ணிமா முறைத்தாள்.

“கொடியே வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. நான்தான் பேசப்போறேன். நியூ டவுன் பக்கம் அந்த ஏரியை மூடி ஃபிளாட் கட்டினா, மீன் வளர்க்கற நாப்பது குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்.”

“அது ஏரியே இல்ல, காஞ்ச நிலம்னு கம்பெனி சர்வே சொல்லுதே?”

“சுத்தப் பொய்!”

“கத்தினா ஆச்சா? போட்டோ இருக்கு. அதுல சொட்டுத் தண்ணி கிடையாது.”

பூர்ணிமா காபி டம்ளரைக் கையில் எடுத்தாள்.

“எந்த மாசம் எடுத்ததுன்னு கேக்கவே தோணலையா உனக்கு?”

அவள் டம்ளரை நங்கென்று வைத்தாள். “குளிர்காலத்துல தண்ணிய வடிச்சுட்டுச் சேறு வாருவாங்க! வருஷா வருஷம்!” சட்டென்று குரல் தாழ்ந்தது. “உங்களுக்கு இதனால பிரச்னை வராதா?”

“நீ கேக்கற கேள்விக்கு நானா பொறுப்பு?” ஜெய்ராம் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள். விசாரணை அறையில் நிற்க இடமில்லை. மீனவக் குடும்பங்கள் பார்த்துக்கொண்டிருக்க, பூர்ணிமா எழுந்து வங்காள மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்த சர்வேயை எந்த மாதத்தில் எடுத்தீர்கள்?”

கம்பெனி முதலாளி, பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்த சர்வே அதிகாரி எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

“ஜனவரியில், மேடம்” என்றார் ஜெய்ராம்.