வழியனுப்ப வந்தவர்

"முதல்ல பெட்டி இல்லாம ஏறி நில்லுங்க. உங்க தொப்பையைக் கழிச்சாத்தானே பெட்டியோட எடை தெரியும்?"

மனைவி சொன்னபடி மெக்கானிக் எடை மெஷினில் ஏறினார், இறங்கினார். மகனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினார். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்து ஆயுசு முழுக்க ஊரையே ஏற்றி இறக்கியவருக்கு, அந்தச் சின்ன மெஷினில் ஏறி இறங்கவே மூச்சு வாங்கியது.

"லிஃப்ட்டா இருந்தா இந்நேரம் மணி அடிச்சிருக்கும்," என்றார். "அந்தக் கம்பளியை எடுத்துடு. அங்க தேவைப்படாது."

"உங்க காலத்துக் கதையெல்லாம் வேண்டாம். இருக்கட்டும். அங்க தண்ணியே இவனுக்கு ஒத்துக்குமோ என்னமோ!" மனைவி மாத்திரைப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்துத் திணித்தாள்.

மகன் காலியான அலமாரியைச் சாத்திவிட்டு வந்தான். "அம்மா, மூணு வருஷம்தான். கான்ட்ராக்ட் முடிஞ்சதும் ஓடி வந்துடுவேன்."

"மூணு வருஷம்னு போனவங்க எல்லாம் சொன்ன மாதிரி வந்துட்டாங்களா? இங்க உனக்கு என்னடா குறைச்சல்? பொறந்து வளர்ந்த ஊரு, சொந்த வீடு, கூப்பிட்ட குரலுக்கு ஆளுங்க..."

"எனக்கேத்த வேலை இல்லையேம்மா. என்கூடப் படிச்சவங்கள்ல பாதிப் பேர் இப்ப அங்கதான் இருக்காங்க."

"இருக்கட்டும். நீயும் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திடாதே, ஆமா!"

சொன்ன வேகத்தில் கணவரைப் பார்த்தவள், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அவர் பெட்டியின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அப்பா என்ன சொல்வாரு? அவர் மட்டும் பாட்டி பேச்சைக் கேட்டாரா?"

மகன் விளையாட்டாகத்தான் சொன்னான். மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. பொய்யில்லையே! அவன் வயதில் அவரும் இதே துள்ளலோடு விமானம் ஏறியவர்தான். வாசலில் நின்ற அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் வரேன், அடுத்த வருஷம் வரேன் என்று போனிலேயே ஆசை காட்டி அவளை ஏமாற்றினார். கடைசியில் அவள் கண்ணை மூடியபோது லீவு கிடைக்கவில்லை. "எல்லாம் முடிஞ்சு போச்சு. இனிமே நீ வந்தா என்ன, வராட்டி என்ன?" என்று அண்ணன் போனை வைத்த சத்தம் இன்றைக்கும் அவர் காதில் இருக்கிறது. பெற்றவளுக்கு அப்படியொரு துரோகம் செய்துவிட்டு, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மகனைப் போகாதே என்பது?

விமான நிலைய வாசலில் மனைவி அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்துகொண்டு வந்தது. மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

"தினமும் போன் பண்றேம்மா. மூஞ்சியப் பார்த்தே பேசலாம். இப்பல்லாம் எல்லாம் பக்கம்தான்."

"பக்கமாம் பக்கம்! தலைவலின்னா தைலம் தேய்ச்சு விட போன்ல கை வருமாடா?"

பின்னால் வந்தவர்கள் வழி கேட்டு இடித்தார்கள். மகன் பெட்டி வண்டியை உள்ளே தள்ளப் பார்த்தான். அது நகரவில்லை. மெக்கானிக் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விடுங்கப்பா, லேட் ஆகுது. ஏதாவது சொல்லணுமா?"

போகாதேடா என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்துவிடலாமா என்று நாக்கு துடித்தது. கைப்பிடியை விட்டுவிட்டார்.

"நேத்து போன் பண்ணி நீ வர்ற விஷயத்தைச் சொன்னேன். 'எந்த ஃபிளைட்?'னு மட்டும் கேட்டாரு."

"யாருப்பா?"

"உன் பெரியப்பா. அங்க நீ இறங்கினதும் வெளியில நிப்பாரு. உன்னை அவர் நேர்ல பார்த்ததே இல்லை. ஆனா, அந்த ஊரை விட்டு இங்க வந்தப்போ நான் அச்சு அசல் உன்னை மாதிரியேதான் இருந்தேன்."

மகனின் தோளை இறுகப் பிடித்தார்.

"ஒருவழியா நான்தான் வீடு திரும்பிட்டேன்னு நினைச்சு உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுவாரு. கொஞ்ச நேரம் அப்படியே நினைச்சுக்கட்டும்டா, விலகிடாதே."