புஷ்பவள்ளி சொன்னால் சரி

அறுபத்தாறு வயது ராக் பாடகர் குணாளனுக்கு அடுத்த வாரம் புது ஆல்பம். மலேசியாவின் லிங்கித் தோட்டத்து ரசிகை புஷ்பவள்ளியிடம் போட்டுக் காட்டாமல் அவர் எதையும் வெளியிட்டதில்லை.

அவர் வீட்டு ஸ்பீக்கரில் கடைசிப் பாட்டும் முடிந்தது.

“முத பாட்டு தூள் தம்பி! மூணாவது தூங்குது, தூக்கிப் போடு. கடைசியில இருபது வயசுப் பையனாட்டம் குதிக்கிறியே லா!” என்றார் புஷ்பவள்ளி.

குணாளனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“ஆன்ட்டி, இவரு குரல் எப்படி?” என்றான் கூட வந்த ஒலிப்பதிவாளன் சசிதரன். புஷ்பவள்ளி திரும்பவே இல்லை.

“தோளத் தட்டிக் கேளு லா. செம்பனை எண்ணெய் ஆலை மிஷின் பக்கத்துல முப்பது வருஷம் நின்னு, அக்காவுக்குக் காது சுத்தமா போச்சு” என்றார் குணாளன்.

ஸ்பீக்கர் மேல் பதித்திருந்த உள்ளங்கையை எடுத்து, புஷ்பவள்ளி சிரித்தார்.

“கை இன்னும் அதிருது பாரு. திரும்பப் போடு தம்பி!”